கமிஷன் வழியாக வந்தவள்

ஸ்டெர்லின் அன்று செருப்பைக் கழற்றாமலே வீட்டுக்குள் வந்துவிட்டான். கையில் ஒரு பேடா டப்பா. வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா ஏஞ்சலம்மாளின் வாயில் ஒன்றைத் திணித்துவிட்டு மனைவி ஜெஸியைத் தேடினான். அவள் சுவரோரம் புத்தகங்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஜெஸி, பெர்மனென்ட் ஆகப் போவுது! அண்ணாச்சி இப்பதான் போன்ல சொன்னாவ."

அவனுக்குச் செம்பூரில் ஒரு அரசு அலுவலகத்தில் வேலை. கிடங்குகளையும் பட்டறைகளையும் சோதனை போடுகிற துறை. உதவி ஆய்வாளர் இடங்கள் வருஷக்கணக்காகக் காலியாகவே கிடந்ததால் காண்ட்ராக்டில் ஆள் எடுத்திருந்தார்கள். தாராவியில் கட்சிக்காரரான மிக்கேல்ராஜ் அண்ணாச்சி மேலே ஒரு வார்த்தை சொல்ல, ஸ்டெர்லின் உள்ளே போனான். வருஷத்துக்கு ஒரு தடவை காண்ட்ராக்டைப் புதுப்பிப்பார்கள். புதுப்பிக்கிற மாசம் முழுக்க அவனுக்குச் சோறு இறங்காது.

"எப்படிப் பெர்மனென்ட்? பரீட்சை வைக்கலையே?" என்றாள் ஜெஸி.

"பரீட்சை எதுக்கு? கமிஷனுக்குப் போனா இழுத்தடிக்கும், ஆள் அவசரமா வேணும்னு சொல்லி அந்த இடங்களைத் துறையே எடுத்துக்கிட்டுது. உள்ளுக்குள்ள ஒரு கமிட்டி. ஏற்கெனவே வேலை பாக்குறவங்களுக்கு மட்டும் இன்டர்வியூ. அதுவும் பேருக்குத்தான்."

ஜெஸி பேடாவைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். வாயில் போடவில்லை.

அந்த இடங்களுக்காகத்தான் அவள் படித்துக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே. வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தது என்பதற்காக மராத்தி மீடியம் மாநகராட்சிப் பள்ளியில் அவளைச் சேர்த்திருந்தார்கள். அதனால் மராத்தி அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். காலையில் தெருப் பிள்ளைகளுக்கு ட்யூஷன், மத்தியானம் மாட்டுங்காவில் ஒரு வாசகசாலை. கமிஷன் எப்போது அறிவிப்புப் போடும் என்று பார்த்துப் பார்த்தே வருஷங்கள் போயிருந்தன.

"அப்ப வெளிய இருந்து எழுதக் காத்திருக்கவங்க?" என்று கேட்டாள்.

ஸ்டெர்லினுக்கு அப்போதுதான் உறைத்தது. "நீ வேற ஏதாவது போஸ்ட்டுக்கு எழுதலாம்லா" என்றான், குரலைத் தணித்து.

"கமிஷன் கமிஷன்னு சொல்லுதீங்களே, தரகுக் கமிஷனா?" என்று வாசலிலிருந்து ஏஞ்சலம்மாள் கேட்டாள்.

"இல்ல அத்தை. சர்க்கார் வேலைக்கு ஆள் எடுக்கதுக்குன்னே தனியா ஒரு அமைப்பு. பரீட்சை வச்சு எடுப்பாங்க. பேப்பர் திருத்தும்போது பேரு தெரியாது, ஊரு தெரியாது, நம்பர்தான். மந்திரி போன் போட்டாலும் அவங்க கேக்கணும்னு இல்ல."

"அப்படி ஒண்ணு இருக்கா!" என்றாள் மாமியார். நம்பினாளா இல்லையா என்று தெரியவில்லை.

அந்த வாரம் முழுக்க ஜெஸி யோசித்தாள். வாசகசாலையில் அவளோடு படிக்கிற பெண்களிடம் கேட்டாள். எல்லோருக்கும் கோபம் இருந்தது. கேஸ் போடலாமா என்று கேட்டபோது மட்டும் ஒவ்வொருவரும் ஒரு காரணம் சொன்னார்கள். கோவண்டியிலிருந்து வருகிற சைனப் ஒருத்திதான் மழுப்பாமல் பேசினாள். "எனக்குப் பயமா இருக்கு. ஆனா நீ போட்டா நானும் கையெழுத்துப் போடுறேன்."

ஹரிதா என்கிற வக்கீலின் அலுவலகம் மாட்டுங்காவில், ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடியில் இருந்தது. பாலக்காட்டுக் குடும்பம், அரசு ஊழியர் வழக்குகளை மட்டுமே எடுப்பவள். ஜெஸி சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"கேஸ் நிக்கும். ஒரு பதவியைக் கமிஷன்கிட்டேர்ந்து எடுக்கணும்னா அதுக்குன்னு விதிமுறை இருக்கு. கமிஷனைக் கலந்துக்கணும், விதியைத் திருத்தணும், சட்டசபைல வைக்கணும். இவா ஒண்ணுமே பண்ணலை போலிருக்கு. அவசரம்னு ஒரு வார்த்தையை வச்சுண்டு எல்லாத்தையும் தாண்டிட்டா. அது சரி, உங்க ஆத்துக்காரரும் அங்கதானே இருக்கார்? ஜெயிச்சா அவருக்கும்தான் போகும். அவர்கிட்ட சொல்லிட்டேளா?"

"இன்னும் இல்ல மேடம்."

"சொல்லிட்டு வாங்கோ. சொல்லாம இதுல கையெழுத்துப் போடாதீங்கோ."

ஜெஸி அன்று சயான் ஸ்டேஷனில் ஸ்டெர்லினுக்காகக் காத்து நின்றாள். வீட்டில் வைத்துச் சொல்ல முடியாது. ஒரு அறைதான், அத்தையும் இருப்பாள். ஸ்டேஷனைவிட்டு வெளியே வந்த கூட்டத்தில் அவன் அவளைப் பார்த்ததும் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோது, பேசாமல் திரும்பிப் போய்விடலாமா என்று அவளுக்கு இருந்தது. ஆனாலும் சொன்னாள். சுற்றி வளைக்காமல் நேராகவே சொன்னாள்.

அவன் சிரிப்பு நின்றது. பிறகு, "என் மேலயே கேஸ் போடப் போற" என்றான்.

"உங்க மேல இல்ல. அந்தக் கமிட்டி மேல."

"கமிட்டியா எனக்குச் சோறு போடுது? அந்த வேலைதான போடுது. சாஹிலுக்கு என்ன பதில் சொல்லுவேன்? அவனும் என்கூடவே சேந்தவன். அவங்கப்பா படுக்கையில கெடக்காரு."

"நீங்க நல்லா வேலை பாக்குறவர்னு எனக்குத் தெரியும். பரீட்சை எழுதுங்க. நான் சொல்லித் தாரேன். எழுதி வந்தா யாரும் உங்களைத் தூக்க முடியாது. இப்ப அண்ணாச்சி தயவுல வாரீய. நாளைக்கு அவரு கட்சி தோத்தா?"

"பரீட்சை! நான் கடைசியா மராத்தியில ஒரு பக்கம் எழுதினது எப்பன்னு தெரியுமா உனக்கு?" அவன் குரல் உயர்ந்தது. பூக்காரி திரும்பிப் பார்த்தாள். "கையெழுத்துப் போடணும்னா போட்டுக்க. என்கிட்டச் சம்மதம் கேக்காத."

அன்றிலிருந்து அவன் அவளோடு பேசுவதை நிறுத்தினான். சாப்பாடு போட்டால் சாப்பிட்டான். டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு போனான். அவ்வளவுதான்.

செய்தி தெருவுக்குப் போக ரொம்ப நேரம் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வரும்போது சாஹிலின் மனைவி வழிமறித்து, "நீ படிச்சு ஆபீசர் ஆக எங்க அடுப்பை அணைக்கணுமா?" என்று இந்தியில் சத்தம் போட்டாள். கோயில் பெண்கள் கேட்டுக்கொண்டு நின்றார்கள். யாரும் குறுக்கே வரவில்லை. சாயங்காலம் மிக்கேல்ராஜ் அண்ணாச்சியே வீட்டுக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் இரண்டு போன். ஏஞ்சலம்மாள் ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள்.

அவர் கோபப்படவில்லை. அதுதான் ஜெஸிக்குக் கஷ்டமாக இருந்தது.

"ஏ பிள்ளை, உங்க தாத்தா காலத்துல நம்ம ஆளுகளுக்கு இங்க என்ன வேலை குடுத்தான்? தோல் பதனிட விட்டான். ஒரு ஆபீசுக்குள்ள, ஒரு நாற்காலியில, நம்ம பையன் உக்காரணும்னு நான் எத்தனை பேரு கால்ல விழுந்திருக்கேன் தெரியுமா? பரீட்சை வச்சா நம்ம பிள்ளைகள்ல எத்தனை பேரு தேறும்? நமக்குப் பின்வாசல்தான் உண்டு. அதையும் நம்ம வீட்டுப் பொண்ணே அடைக்கலாமா?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. அவளுடைய அப்பாவும் தோல் பட்டறையில் நின்றவர்தான்.

"அண்ணாச்சி, நீங்க இருக்க வரைக்கும் எங்களுக்குப் பின்வாசல் உண்டு. உங்களுக்குப் பதிலா வேற ஒருத்தர் வந்தா, அவரு ஆளுகதான் உள்ள போவாங்க. அப்ப நாம எந்த வாசல்ல நிக்க? முன்வாசல் ஒண்ணு இருக்கு. அதுல என்னை யாருன்னு கேக்க மாட்டாங்க. அதை மூடிட்டா எனக்கு வேற எதுவும் இல்ல."

"நீ தேறலன்னா?"

"தேறலன்னா திரும்ப எழுதுவேன்."

அண்ணாச்சி ஸ்டெர்லினைப் பார்த்தார். ஸ்டெர்லின் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவர் எழுந்து போய்விட்டார். மறுநாள் ஜெஸியும் சைனப்பும் ஹரிதாவின் மேஜையில் கையெழுத்துப் போட்டார்கள்.

அரசு வேலை வழக்குகளுக்கான தீர்ப்பாயத்தில் வழக்கு மெதுவாக நகர்ந்தது. துறையின் வக்கீல் ஒவ்வொரு தடவையும் அவசரம் என்றார்; ஆள் இல்லாமல் வேலை கெட்டுப்போகிறது என்றார். கமிஷன் தரப்பில் என்ன சொல்வார்கள் என்றுதான் ஹரிதாவுக்கே கவலை. அரசாங்கத்தோடு எதற்கு வம்பு என்று அவர்கள் பட்டும் படாமல் பேசிவிட்டால் கேஸ் படுத்துவிடும். ஆனால் கமிஷனின் வக்கீலாக வந்த வயதான அம்மாள், பிரேமலதா, எழுந்து நின்று நாலே வாக்கியம் பேசினார். இந்த இடங்களை நிரப்பச் சொல்லி துறை எங்களிடம் கேட்கவே இல்லை. எங்களைக் கலந்துகொள்ளவும் இல்லை. கேட்டால் நடத்தத் தயாராக இருக்கிறோம். கேட்காமலே தாமதம் என்று எங்கள் மேல் பழி போடுவதை நாங்கள் ஏற்கவில்லை.

நீதிபதி துறையின் வக்கீலைப் பார்த்தார். "வருஷக்கணக்கா இடம் காலி. ஒரு தடவைகூட அவங்களைக் கேக்கலை. அப்புறம் என்ன அவசரம்?"

கமிட்டி ரத்தானது. இடங்கள் கமிஷனுக்குப் போயின. காண்ட்ராக்டில் இருந்தவர்களுக்கு வயது வரம்பில் சலுகை கொடுக்கச் சொன்னார்கள். வேலை பார்த்த அனுபவத்துக்காக வேறு சலுகை கிடையாது, மற்றவர்களைப் போலவே எழுத வேண்டும். புது ஆட்கள் வரும்வரை அவர்கள் இருக்கலாம்.

ஜெஸி வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது யாரும் பேடா வாங்கவில்லை. அவளும் சந்தோஷத்தைக் காட்டிக்கொள்ளவில்லை. சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவும்போது ஸ்டெர்லின், பல மாசங்களுக்குப் பிறகு, அவள் கேட்காமலே ஒரு வாக்கியம் பேசினான்.

"அந்த வரலாற்றுப் புத்தகம் எங்க இருக்கு?"

அவள் எடுத்துக் கொடுத்தாள். வேறு எதுவும் சொல்லவில்லை. சொன்னால் கெட்டுவிடும் என்று தோன்றியது.

இரண்டு பேரும் எழுதினார்கள். ஸ்டெர்லினுக்கு முதல் பரீட்சையோடு முடிந்துவிட்டது. சாஹிலும் தேறவில்லை. சைனப் பிரதான பரீட்சை வரை போனாள். ஜெஸி நேர்முகம் வரை போனாள். உள்ளே மேஜைக்கு அந்தப் பக்கம் நாலு பேர். யாரும் அவள் பெயரைக் கேட்கவில்லை. எந்த ஊர், யார் சொல்லி வந்தாய் என்று கேட்கவில்லை. ஒரு கிடங்கில் குடும்பங்களும் குடியிருந்தால் அதை எப்படிச் சோதனை போடுவாய் என்று கேட்டார்கள். அவளுக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் வாய் உலர்ந்து, வார்த்தைகள் முன்னும் பின்னுமாக வந்தன. வெளியே வந்தபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

முடிவு வந்தது. அவள் எண் இல்லை.

அன்று அவள் தெருக்கோடிப் பொதுக் கழிவறைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வெளியே போய், தொண்ணூறடி ரோட்டில் ஒரு மூடிய கடையின் படியில் உட்கார்ந்து அழுதாள். வீட்டைச் சந்திக்கு இழுத்து, புருஷனின் வேலையைப் பறித்து, கடைசியில் எவளோ ஒருத்திக்கு வழி விட்டாயிற்று. இதைத்தானே தெருவில் எல்லோரும் சொல்லப் போகிறார்கள். சொன்னார்கள்தான். அன்று அவளைத் தேடி வந்த ஏஞ்சலம்மாள் மட்டும், "அழுது முடிச்சா சாப்பிட வா, ஆறிப் போச்சு" என்றாள்.

செம்பூர் அலுவலகத்துக்குப் புது உதவி ஆய்வாளராக வந்தவள் பெயர் பாகீரதி. மராட்டியத்தின் உள்பகுதியில் பீட் பக்கத்து ஊர். அப்பா அம்மா கரும்பு வெட்டப் போகிறவர்கள். பம்பாயில் எந்த ரயில் எங்கே போகும் என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. ஸ்டெர்லினின் காண்ட்ராக்ட் முடிய இன்னும் கொஞ்ச நாள் இருந்தது. அதுவரை இடங்களைக் காட்டிக்கொடு என்று பெரிய ஆய்வாளர் அவனை அவளோடு அனுப்பினார். தன் நாற்காலிக்கு வந்தவளுக்குத் தானே வழிகாட்டி. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு போனான்.

கோவண்டியில் ஒரு கிடங்கு. கீழே சட்டென்று தீப்பற்றும் தின்னர் டிரம்கள் அடுக்கி வைத்திருந்தார்கள். மேல் தளத்தில் நாலைந்து குடும்பங்கள். மாடிப்படியில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஸ்டெர்லினுக்கு அந்த இடம் தெரியும். போன வருஷம் அவனும் அங்கே போயிருக்கிறான், சீல் வைக்க எல்லாம் எடுத்துக்கொண்டு. அப்போது போன் வந்தது. மிக்கேல்ராஜ் அண்ணாச்சி. "அது நம்ம ஆள் கிடங்குப்பா, பாத்துக்கிடு." காண்ட்ராக்ட் புதுப்பிக்கிற மாசம் அது. அவன் அரக்கைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டான்.

இப்போதும் போன் வந்தது. ஸ்டெர்லினுக்குத்தான். "அந்தப் புது பிள்ளைட்ட எடுத்துச் சொல்லு" என்றார் அண்ணாச்சி. அவன் போனைக் கையால் பொத்திக்கொண்டு பாகீரதியிடம் சொன்னான்: "இந்தப் பக்கத்துல பெரிய ஆள். விட்டுடச் சொல்றார்."

பாகீரதி எழுதுவதை நிறுத்தினாள். "அவருக்கும் நம்ம ஆபீசுக்கும் என்ன சம்பந்தம்?"

"சம்பந்தம்னு ஒண்ணும் இல்ல. என்னை மாதிரி ஆளுங்களை வேலைக்கு வச்சது அவர்தான்."

"என்னை அவர் வைக்கலையே" என்றாள் அவள். வீம்பாகச் சொல்லவில்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டது போல இருந்தது. மாடிப்படியில் இருந்த பிள்ளைகளைப் பார்த்தாள். பிறகு சீல் வைக்கும் உத்தரவை எழுதினாள். எழுத்து கோணலாக விழுந்தது. கிடங்குக்காரன் கத்தினான், ஊருக்கே திரும்பப் போவாய் என்றான். அவள் அரக்கை உருக்க மெழுகுவத்தியைப் பற்றவைக்க முயன்று, காற்றில் முடியாமல், "கொஞ்சம் மறைச்சுப் பிடிக்கிறீங்களா?" என்று ஸ்டெர்லினைக் கேட்டாள்.

அவன் அண்ணாச்சி இன்னும் பேசிக்கொண்டிருந்த போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டான். இரண்டு கையாலும் தீயை மறைத்துப் பிடித்தான். அரக்கு சொட்டியது.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் ஜெஸியிடம் சொன்னான். போன வருஷம் நடந்ததையும் சொன்னான். அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

"எனக்குக் கை வரல ஜெஸி. வேலை தெரியாம இல்ல. அந்தப் பிள்ளையைவிட எனக்கு நல்லாவே தெரியும். ஆனா எனக்குக் கை வரல."

ஜெஸி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தப் பிள்ளைக்கு மேலிடத்துல தொந்தரவு வரும்" என்றான்.

"வரட்டும். எங்கயாவது மாத்தலாம். அதுக்கு மேல அவளை ஒண்ணும் செய்ய முடியாது. கமிஷனைக் கேக்காம வேலையை விட்டுத் தூக்க முடியாதுன்னு சட்டம் இருக்கு."

"அந்த இடத்துல நீ இருந்திருக்கணும்."

"இருப்பேன். அடுத்த தடவை."

மாசக் கடைசியில் அவன் காண்ட்ராக்ட் முடிந்தது. விக்ரோலியில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் வேலைக்குச் சேர்ந்தான். பழைய சம்பளம் இல்லை, ஆனாலும் வேலை. சாஹிலையும் பின்னால் அங்கேயே சேர்த்துவிட்டான். சாஹிலின் மனைவி ஜெஸியைக் கண்டால் இன்றும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போகிறாள். ஜெஸி அதற்காக வேறு வழியில் சுற்றிப் போவதில்லை.

நேர்முகத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டதுதான் அவளுக்கு வலித்தது. அதனால் ஒவ்வொரு சாயங்காலமும் ஸ்டெர்லின் ஸ்டூலில் உட்கார்ந்து அதிகாரி மாதிரிக் கேள்வி கேட்டான். தான் போய் வந்த கிடங்குகளை வைத்தே கேட்டான். ஏஞ்சலம்மாளும் பக்கத்தில் உட்கார்ந்து, மராத்தி புரியாவிட்டாலும், ஜெஸி திக்கினால் "ம்ஹூம், பயப்படுதா" என்று மார்க் போட்டாள். அடுத்த அறிவிப்பு வந்தது. ஜெஸி வடாலாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் எழுதினாள். மோனோ ரயில் தலைக்கு மேலே போகும் சத்தம் கேட்டது, அவள் நிமிரவில்லை. நேர்முகத்தில் வேறு நாலு பேர். இந்தத் தடவை ஒரு கேள்விக்குத் தெரியாது என்று தெளிவாகச் சொன்னாள். மற்றவற்றுக்கு நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்.

அவள் எண் இருந்தது. சைனப்பின் எண் அவளுக்கும் மேலே இருந்தது. சைனப்புக்குப் பம்பாயிலேயே வேலை; ஜெஸிக்குத் தொலைவில் ஜால்னாவில் போட்டார்கள்.

மறுநாளே தெருமுனையில் ஒரு பேனர் ஏறியது. நடுவில் மிக்கேல்ராஜ் அண்ணாச்சி கைகூப்பிச் சிரித்தார்; ஓரத்தில் ஜெஸியின் கல்யாணப் போட்டோ, எங்கிருந்தோ எடுத்தது. 'நம் மண்ணின் மகளுக்கு வாழ்த்துகள்.' ஜெஸி நேராக அவருடைய கட்சி அலுவலகத்துக்குப் போனாள்.

"அண்ணாச்சி, வாழ்த்துக்கு நன்றி. அந்தப் பேனரை இறக்கிடுங்க."

"ஏம்மா? நம்ம பிள்ளைகளுக்கு ஒரு ஊக்கமா இருக்கட்டுமே."

"இருக்கும். ஆனா அதைப் பாத்தா நீங்க வாங்கிக் குடுத்த வேலைன்னு நினைப்பாங்க. எழுதலாம்னு நினைக்கிற பிள்ளையும் எழுதாம உங்ககிட்ட வந்து நிக்கும்."

அவர் அவளைப் பார்த்தார். வருத்தமா, எரிச்சலா, சொல்ல முடியவில்லை. பிறகு வெளியே பார்த்து ஒரு பையனைக் கூப்பிட்டு, "ஏலே, அதை அவுத்துடு" என்றார். "ஊக்கத்துக்கு என்ன செய்யணும்னு நீயே சொல்லு."

"உங்க ஆபீஸ் மாடி சும்மாதான கெடக்கு. படிக்கிற பிள்ளைகளுக்குத் திறந்து விடுங்க. ஜால்னா போற வரைக்கும் நான் மராத்தி சொல்லித் தாரேன். அப்புறம் சைனப் வருவா."

அவர் ஒரு போனை எடுத்துக் காதில் வைத்தார். அவள் கிளம்பினாள். ஆனால் இரண்டு நாள் கழித்து மாடிச் சாவி வீட்டுக்கு வந்தது.

முதல் வகுப்புக்கு எட்டு ஒன்பது பேர் வந்தார்கள். கடைசி வரிசையில், விக்ரோலியிலிருந்து நேராக வந்தவனாக, டிபன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டெர்லின் உட்கார்ந்திருந்தான். வயது வரம்பு முடிய அவனுக்கு இன்னும் கொஞ்சம் காலம் இருந்தது. ஜெஸி அவனைப் பார்க்காதது போலப் பலகையின் பக்கம் திரும்பி, முதல் வாக்கியத்தை எழுதினாள்.